பூஞ்சை நச்சு ஏறிய தானியமும் தீவனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவடை முடிந்து சரக்கு வந்து சேர்ந்துவிட்டது. மூட்டையைப் பிரித்தால் பூசண வாடை அடிக்கிறது, அல்லது ஆய்வக அறிக்கையில் அஃப்ளாடாக்சின் என்று ஒரு பூஞ்சை நச்சின் பெயர் இருக்கிறது. இனி என்ன செய்தால் பலன் உண்டு, எது வீண் வேலை என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை.

பூசணத்தைக் கொன்றுவிட்டால் நச்சும் போய்விடாதா?

போகாது. பூஞ்சை ஓர் உயிர். நச்சு என்பது அது வளரும்போது தானியத்துக்குள் விட்டுவைக்கும் வேதிப்பொருள். புரோபியோனிக் அமிலம் தெளித்தால் பூஞ்சை வளர்வது நிற்கும். அதற்கு முன்பே ஊறிப்போன நச்சு அப்படியேதான் இருக்கும். கடையில் பூசணத் தடுப்பான் என்று விற்பது வேறு, நச்சைச் சமாளிக்க விற்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பூசணம் தெரிந்தால் நச்சு இருந்தே தீரும் என்பதில்லை. நச்சே உண்டாக்காத பூஞ்சைகள் ஏராளம். அதேபோல, பார்வைக்குப் பளிச்சென்று இருக்கிற சரக்கில் நச்சு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

எந்தெந்த நச்சுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

முதலில் அஃப்ளாடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்துவிழுந்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில்தான் விஷயம் இருந்தது. நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொட்டைப் பருப்புகள் இதன் இருப்பிடம். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அளவு மிகுந்தால் புற்றுநோய் வரை காத்திருக்காது: 2004-இல் கென்யாவில் நச்சு ஏறிய மக்காச்சோளம் சாப்பிட்டு 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள்.

பியூமோனிசின் மக்காச்சோளத்தில் வருவது. குதிரைக்கு மூளையைக் கெடுக்கும், பன்றிக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும். டிஆக்ஸினிவலினால், சுருக்கமாக டான், கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் வரும். பன்றி தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸியரலினோன் பெண் ஹார்மோனைப் போல வேலை செய்து சினைப்பிடிப்பைக் குழப்பும். ஆக்ரடாக்சின் சிறுநீரகத்தைத் தாக்கும். தானியம் தவிர காப்பிக்கொட்டையிலும் உலர்திராட்சையிலும் கூட இருக்கும். கம்பு வகைகளிலும் ரை தானியத்திலும் கதிரில் கறுப்புக் கொம்புபோல் முளைக்கும் எர்காட் என்ற நச்சுப் பூஞ்சை தனிக் கதை.

ஏன் இந்தப் பட்டியல் என்றால், ஒன்றை நீக்கும் வழி இன்னொன்றைத் தொடக்கூட மாட்டாது. 'எல்லா நச்சுக்கும் ஒரே மருந்து' என்று யார் சொன்னாலும் அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

நன்றாக வேகவைத்தால், வறுத்தால் போய்விடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அஃப்ளாடாக்சினில் பி1, பி2, ஜி1, ஜி2 என்று வகைகள் உண்டு. அதில் பி1 சிதைய ஆரம்பிப்பது ஏறத்தாழ 268 டிகிரி செல்சியஸில். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. வித்தியாசம் கணக்கிலேயே தெரிகிறது. வறுக்கும்போது ஓரளவு குறையும். எவ்வளவு என்பது சூட்டையும் நேரத்தையும் ஈரத்தையும் பொறுத்தது. சரி, பாதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். 200 பிபிபி இருந்தது 100 ஆகும். பதப்படுத்தப் போகும் நிலக்கடலைக்கு, உலக அளவில் உணவுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு வைத்திருக்கும் மொத்த அஃப்ளாடாக்சின் வரம்பு 15. (பிபிபி என்றால் ஒரு கிலோவில் ஒரு மைக்ரோகிராம்.) வறுத்த வாசனை வேறு பூசண வாடையை மூடிவிடும் என்பதால், என் கணக்கில் இதில் நன்மையைவிடக் கெடுதல் அதிகம்.

டானும் சூட்டுக்கு எளிதில் மசிவதில்லை. ரொட்டி வெந்த பிறகும் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும்.

அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பொறுக்குவது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்தத் துறையில் இதைவிடப் பலன் தரும் ஒரு வேலை கிடையாது. காரணம், நச்சு சரக்கு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரம் மணிகளில் ஒரு சிலவற்றில்தான் குவிந்து கிடக்கும்.

நிலக்கடலையில் ஒரே ஒரு பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டிய அஃப்ளாடாக்சின் பதிவாகியிருக்கிறது. அரை கிராம் எடையுள்ள அப்படிப்பட்ட பருப்பில் 500 மைக்ரோகிராம் நச்சு இருக்கும். அதை 25 கிலோ சுத்தமான கடலையில் போட்டு அரைத்தால் மொத்தமும் 20 பிபிபி ஆகிவிடும். அதாவது அந்த ஒரு பருப்பு ஒரு மூட்டையையே வரம்புக்கு மேல் தூக்கிவிடும். அதை மட்டும் எடுத்து எறிந்தால் மூட்டை தப்பித்தது. எந்த வேதிமுறையாலும் இவ்வளவு மலிவாக இதைச் சாதிக்க முடியாது.

எதைப் பொறுக்குவது? நிறம் மாறியது, சுருங்கியது, உடைந்தது, பூச்சி அரித்தது, முளை கறுத்தது. நிலக்கடலையில் தோல் நீக்கிய பிறகு பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்: நல்ல பருப்பு வெளிர் வெண்ணெய் நிறத்தில் இருக்கும், கெட்டது பழுப்போ மஞ்சளோ அடித்திருக்கும். சந்தேகமானதை இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியாத பருப்பில்கூட, இரண்டு பாதிகளுக்கும் நடுவிலுள்ள குழியில் பச்சையும் மஞ்சளும் கலந்த தூள் ஒட்டியிருக்கும். தின்னும்போது கசக்கிற பருப்பை விழுங்காமல் துப்பிவிடுவது நல்ல வழக்கம்.

பெரிய ஆலைகளில் இதே வேலையை நிறம் பார்க்கும் கேமரா இயந்திரங்கள் செய்கின்றன. தவறான நிறத்தில் ஒரு மணி விழுந்தால் காற்றை ஊதித் தள்ளிவிடும். மக்காச்சோளத்துக்கு முதலில் சல்லடை. உடைந்த குருணையிலும் தூசியிலும் பியூமோனிசினும் அஃப்ளாடாக்சினும் முழு மணியைவிட மிக அதிகம். சலித்துக் கீழே விழுந்ததை வீணாக்க மனமில்லாமல் கோழிக்குப் போடுவதுண்டு. இருக்கிற நச்சையெல்லாம் திரட்டி அதற்கு ஊட்டுவதாகத்தான் அதற்கு அர்த்தம்.

புற ஊதா விளக்கில் மின்னுவதை எடுத்துவிட்டால் போதுமா?

போதாது. 365 நானோமீட்டர் விளக்கில் உடைத்த மக்காச்சோளம் பளீரென்ற பச்சை மஞ்சளில் ஒளிர்வது அஃப்ளாடாக்சினால் அல்ல. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலத்தின் மாற்றுப் பொருளால். 'பூஞ்சை இங்கே வந்து போயிருக்கிறது, ஆய்வுக்கு அனுப்பு' என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவினால்? உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டால்?

நச்சைப் பொறுத்தது. பியூமோனிசின் தண்ணீரில் நன்றாகக் கரையும், டானும் கரையும். அதனால் அலசி, ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் குறையும். அஃப்ளாடாக்சின் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதற்குக் கழுவுவதால் கிடைப்பது மேல்தூசி போவது மட்டும்தான்.

மிதக்கவிடுவது வேறு விஷயம். அது கரைப்பதல்ல, இன்னொரு வகைப் பொறுக்குதல். பூஞ்சை தின்ற மணி உள்ளே பொக்காகி எடை குறைந்திருக்கும். அடர்த்தியான உப்புக் கரைசலில் மேலே வந்துவிடும். எர்காட் கொம்புகளைப் பிரிக்க இது பழைய, நம்பகமான வழி. ஆனால் நனைத்த தானியத்தை அன்றே நன்றாக அலசி உலர்த்த முடியாது என்றால் இதில் இறங்கவே வேண்டாம். ஈரத்தோடு விட்டால் புதுப் பூசணம் பிடித்து, நிலைமை முன்னைவிட மோசமாகும்.

அரைத்தாலும் ஆட்டினாலும் நச்சு எங்கே போகிறது?

எங்கேயும் போவதில்லை, இடம் மாறுகிறது. எண்ணெய் ஆட்டும்போது அஃப்ளாடாக்சினின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். ஆட்டிய எண்ணெயில் மிஞ்சுகிற கொஞ்சமும் காரம் சேர்த்துச் சுத்திகரித்து வெளுக்கும்போது போய்விடும். ஆகவே சுத்திகரித்த எண்ணெய் சாப்பிடுபவருக்குப் பிரச்சினை இல்லை. பிண்ணாக்கு தின்னும் மாட்டுக்குத்தான் பிரச்சினை.

கோதுமையில் டான் தவிட்டில் அதிகம், வெள்ளை மாவில் குறைவு. மக்காச்சோளத்தை ஈரமுறையில் பிரித்து ஸ்டார்ச் எடுத்தால் ஸ்டார்ச் ஏறக்குறைய சுத்தமாக வரும், மிச்சமெல்லாம் தீவனத்துக்குப் போகும் பகுதிகளில் சேரும். எத்தனால் ஆலையில் இது இன்னும் வெளிப்படை: மணியிலுள்ள மாவுச்சத்து சாராயமாகிப் போய்விட, மீந்த சக்கையில் நச்சு சுமார் மூன்று மடங்கு அடர்ந்து நிற்கும். மனிதர் உணவு சுத்தமாகும் இடத்திலெல்லாம் கால்நடைத் தீவனம் அசுத்தமாகிறது. ஆலைக் கழிவை மலிவாக வாங்குபவர்கள் விலையோடு ஆய்வு அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டியது இதனால்தான்.

சுண்ணாம்பு, அமோனியா போட்டு நச்சை உடைக்கலாம் என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அஃப்ளாடாக்சின் மூலக்கூறில் லாக்டோன் என்ற ஒரு வளையம் உண்டு. காரம் பட்டால் அது திறந்துகொள்ளும், வீரியம் குறையும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அலசும் முறையில் நடப்பது இதுதான். வில்லங்கம் என்னவென்றால், இரைப்பையின் அமிலத்துக்குப் போனதும் திறந்த வளையத்தில் ஒரு பகுதி மறுபடி மூடிக்கொள்ளும். ஆய்வகம் 'குறைந்துவிட்டது' என்று சொன்னதில் கொஞ்சம் வயிற்றில் திரும்பி வந்துவிடும். அலசலில் அடித்துப்போனதும் தோலோடு உரிந்துபோனதும்தான் நிஜமான லாபம்.

அமோனியா ஒரு படி மேலே போகிறது. சூடும் அழுத்தமும் சேரும்போது, திறந்த வளையத்திலிருந்து ஒரு கார்பன் தொகுதியே கழன்று போய்விடும். அப்புறம் மூட வழியில்லை. மூடிய கலனில் 80 முதல் 120 டிகிரி வரை சூட்டில் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் முறையும் உண்டு. சாதாரணச் சூட்டில் காற்றுப் புகாமல் மூடி வாரக்கணக்கில் வைக்கும் முறையும் உண்டு. சரியாகச் செய்தால் 95 சதவீதத்துக்கு மேல் போய்விடும். பருத்திக்கொட்டை, கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றுக்கு அமெரிக்காவிலும் பிரான்சிலும் செனகலிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் இது தீவனத்துக்கு மட்டும், அதுவும் ஆலையில் மட்டும். அமோனியா வாயு கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கிவிடும். கொட்டகையில் தார்ப்பாய் போட்டுச் செய்து பார்க்கிற வேலை அல்ல. பியூமோனிசினுக்கு இதை நம்பவும் முடியாது.

வெயிலில் காயவைத்தால்? ஓசோன்?

வெயில் ஈரத்தை எடுக்கும், அதற்காகக் காயவையுங்கள். மெல்லிய படலமாகப் பரப்பிய எண்ணெயில் இருக்கும் அஃப்ளாடாக்சினைச் சூரிய ஒளி சிதைக்கும்; தானிய மணியின் உள்ளே ஒளி போகாது. ஓசோன் பி1, ஜி1 ஆகியவற்றை வேகமாகத் தாக்கும், பி2, ஜி2 தாக்குப்பிடிக்கும். அதற்கும் மணியின் மேற்பரப்பைத் தாண்டிப் போவதுதான் சிக்கல்.

தீவனத்தில் டாக்சின் பைண்டர், அதாவது நச்சைப் பிடித்துவைக்கும் பொருள், கலந்தால் போதுமா?

எந்த நச்சு என்பதைப் பொறுத்து 'ஆம்', பெரும்பாலும் 'இல்லை'.

பெண்டோனைட் போன்ற களிமண் தட்டுத் தட்டாக அடுக்கிய அமைப்பு கொண்டது. அஃப்ளாடாக்சின் தட்டையான மூலக்கூறு. அந்தத் தட்டுகளுக்கு இடையே புகுந்து ஒட்டிக்கொள்ளும். குடலில் இரத்தத்துக்குள் போகாமல் சாணத்தோடு வெளியேறிவிடும். 1980-களிலிருந்து கோழி, பன்றி, மாடு எல்லாவற்றிலும் சோதித்து நிலைநாட்டிய விஷயம் இது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் பெண்டோனைட்டை இந்த வேலைக்கென்றே அனுமதித்தது. முழுத்தீவனத்தில் கிலோவுக்கு 20 கிராமுக்கு மேல் கூடாது. அமெரிக்காவிலோ இதே களிமண்ணைத் தீவனம் கட்டியாகாமல் இருக்கப் போடலாம். 'நச்சைப் பிடிக்கும்' என்று சொல்லி விற்க அனுமதி இல்லை.

டான், அதே குடும்பத்து டி-2 ஆகிய நச்சுகளின் வடிவம் அந்த இடுக்கில் பொருந்தாது. ஆகவே டான் ஏறிய கோதுமைக்குக் களிமண் கலப்பது காசைக் கரைப்பது. ஈஸ்ட் செல்சுவர் ஸியரலினோனைச் சோதனைக் குழாயில் நன்றாகப் பிடிக்கிறது. விலங்கின் வயிற்றில் அதே அளவு பலன் எதிர்பார்க்கக் கூடாது. கரித்தூள் பலவற்றையும் பிடிக்கும், கூடவே வைட்டமின்களையும் பிடித்துக்கொண்டு போகும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: எந்த நச்சுக்கு? எந்த விலங்கில் சோதித்தது, அல்லது குழாயில் மட்டுமா? களிமண்ணில் டையாக்சின் என்ற நச்சு வேதிப்பொருளும் கன உலோகமும் பார்த்த அறிக்கை உண்டா? கடைசிக் கேள்வி மிகைப்பட்ட பயமல்ல. 1997-இல் அமெரிக்காவில் தீவனத்தில் சேர்த்த ஒரு வகைக் களிமண் வழியாகக் கோழியிலும் மீனிலும் டையாக்சின் ஏறியது.

இன்னொன்று: பைண்டர் நச்சை அழிப்பதில்லை. கலந்த தீவனத்தை ஆய்வுக்கு அனுப்பினால் அறிக்கையில் நச்சு இருக்கவே செய்யும். 'பைண்டர் போட்டும் குறையவில்லையே' என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது வேலை செய்தால் குடலில்தான் செய்யும், பாலில்தான் தெரியும்.

நொதி, நுண்ணுயிர் என்று புதிதாக வருகிறதே?

டான் விஷயத்தில் நம்பிக்கை தருவது இந்தப் பக்கம்தான். மாட்டின் அசையிரைப்பை நீரிலிருந்து பிரித்த ஒரு பாக்டீரியா, டானின் நச்சுத்தன்மைக்குக் காரணமான எபாக்சைடு வளையத்தை உடைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் பன்றித் தீவனத்துக்கு அனுமதித்தது. பியூமோனிசினின் பக்கச் சங்கிலிகளை வெட்டும் நொதி 2014-இல் அனுமதி பெற்றது. பிடித்து வைப்பதற்கும் உடைத்துப் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு நொதி ஒரு நச்சுக்கு மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலில் மட்டும் நச்சு எப்படி வருகிறது?

அசைபோடும் விலங்குகள் மற்றவற்றைவிடத் தாங்கும், அதனால் வெளியே தெரியாது. பசு தின்ற அஃப்ளாடாக்சின் பி1, அதன் கல்லீரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். தின்றதில் ஒன்று முதல் இரண்டு சதவீதம்; அதிகம் கறக்கும் மாட்டில் ஆறு சதவீதம் வரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பிபிபி உள்ள அடர்தீவனம் 10 கிலோ தின்றால் 200 மைக்ரோகிராம். அதில் 2 சதவீதம் 4 மைக்ரோகிராம். 20 லிட்டர் பாலில் அது லிட்டருக்கு 0.2. கோடெக்ஸும் அமெரிக்காவும் வைத்த 0.5 வரம்புக்குள் இருக்கிறது, ஐரோப்பாவின் 0.05-ஐ நான்கு மடங்கு தாண்டுகிறது. பாலைக் காய்ச்சினாலும் எம்1 போகாது.

நல்ல செய்தி: தீவனத்தை மாற்றினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். இங்கே நச்சு நீக்கம் என்பது தீவனத்தை நிறுத்துவதுதான்.

நல்ல சரக்கோடு கலந்து அளவைக் குறைத்துவிடலாமே?

ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு மீறியதை நல்லதோடு கலப்பதற்குத் தடை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கலந்தால் நச்சு குறைவதில்லை, கூடுதல் வாய்களுக்குப் போகிறது. ஈரமான மூட்டையைக் கலந்தால் நல்ல சரக்கிலும் பூசணம் ஏறும்.

ஒரே சரக்கை இரண்டு முறை ஆய்வு செய்தால் இரண்டு விடை வருகிறதே, ஆய்வகம் பொய் சொல்கிறதா?

பெரும்பாலும் இல்லை. அந்த ஒரு பருப்பு மாதிரியில் வந்ததா வராததா என்பதுதான் வித்தியாசம். மூட்டையின் மேல்வாயிலிருந்து ஒரு கை அள்ளி அனுப்பினால் விடை அதிர்ஷ்டச் சீட்டு. குவியலின் பல இடங்களிலிருந்து, மேல், நடு, அடி என்று சிறிது சிறிதாக எடுத்துச் சேருங்கள். சேர்த்ததைச் சில கிலோவாவது முழுவதும் நன்றாக அரைத்துக் கலக்குங்கள். அதற்கப்புறம்தான் சோதனைக்கான சிறு அளவைப் பிரிக்க வேண்டும். விலையுயர்ந்த கருவியில் செய்யும் துல்லியமான சோதனையைவிட, ஒழுங்காக எடுத்த மாதிரியில் சிறு பட்டையை (ஸ்ட்ரிப்) வைத்துச் செய்த எளிய சோதனை மேல் என்றே சொல்வேன்.

பொறுக்கிச் சுத்தம் செய்தாயிற்று. மறுபடி ஏறாமல் எப்படி வைப்பது?

ஈரம்தான் எல்லாம். மக்காச்சோளம் 13 சதவீத ஈரத்துக்குக் கீழே, உரித்த நிலக்கடலை 7 சதவீதத்துக்குக் கீழே. இதை ஈரமானியில் பாருங்கள். பல்லில் கடித்துப் பார்க்கும் கணிப்பு இந்த அளவில் தவறும். மூட்டையைச் சுவரில் சாய்க்காமல், தரையில் படாமல், மரப்பலகை மேல் அடுக்குங்கள். வண்டு விழுந்தால் அது விடும் மூச்சிலேயே ஈரமும் சூடும் கூடும், பூஞ்சை பின்னாலேயே வரும். காற்றுப் புகாத பை இரண்டையும் ஒருசேர அடக்கும். ஆனால் ஈரத் தானியத்தை அதில் போட்டுக் கட்டினால் உள்ளே புழுங்கிக் கெடும்.

எந்த வழியாலும் தேறாத சரக்கை என்ன செய்வது?

விலங்குகளில் தாங்கும் சக்தி ஒன்றுக்கொன்று மாறும். அமெரிக்க விதிப்படி கறவை மாட்டுக்கு அஃப்ளாடாக்சின் 20 பிபிபி வரைதான். இறைச்சிக்காகக் கடைசிக் கட்டத்தில் வளர்க்கும் மாட்டுக்கு மக்காச்சோளத்தில் 300 வரை விடுகிறார்கள். உங்கள் நாட்டு விதி இடம் கொடுத்தால், அளவு தெரிந்த சரக்குக்கு இது ஒரு வழி. வாத்து, கோழிக்குஞ்சு, பன்றிக்குட்டி, நாய், சினை விலங்கு ஆகியவற்றுக்குக் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம். எத்தனாலுக்குக் கொடுத்தால் வடித்த சாராயத்தில் நச்சு வராது, ஆனால் சக்கையைத் தீவனமாக விற்கக் கூடாது. அதற்கும் வழியில்லை என்றால் எரிஉலையில் எரிக்கலாம். ஆடு மாடும் கோழியும் ஏழை வீட்டுக் கையும் எட்டாத ஆழத்தில் மண்ணைக் கலந்து புதைக்கலாம். மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூசியிலும் நச்சு இருக்கிறது. காலிச் சாக்கையும் சேர்த்தே போட்டுவிடுங்கள், அடுத்த அறுவடைக்கு எடுத்து வைக்காதீர்கள்.